காரின் எஞ்சினுக்கு எந்த மேம்பாடு உண்மையில் பயன் தரும்?

எஞ்சினின் வலுவைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களுக்குக் கணக்கே இல்லை. கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், அகலமான சைலன்சர் குழாய், இரிடியம் ஸ்பார்க் பிளக், ஆக்சிலரேட்டர் பெடலோடு இணைக்கும் சிறு பெட்டி, பழுதறியும் கருவியை இணைப்பதற்கான ஓபிடி துளையில் செருகும் சிப், எஞ்சின் கணினியின் மென்பொருளைத் திருத்தும் இசியு ரீமேப் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றின் விளம்பரத்திலும் ஒரு குதிரைத்திறன் கணக்கு இருக்கிறது. இவற்றில் சில உண்மையாகவே பயன் தருபவை, சில ஒலியை மட்டும் மாற்றுபவை, சில எதையுமே மாற்றாதவை. எது எந்த வகை என்பதைப் பொருளை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அது பொருத்தப்படும் எஞ்சின் எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறது என்பதைப் பார்த்தே சொல்ல முடியும். அந்த இடத்தைக் கண்டறியும் வழியை, இந்தியச் சாலைகளில் இன்று பரவலாக ஓடும் சிறிய டர்போ பெட்ரோல் கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே பார்க்கலாம்.

காற்றின் கணக்கு

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பது எளிது; அதற்கு இணையான காற்றை சிலிண்டருக்குள் கொண்டுசேர்ப்பதுதான் கடினம். 999 சிசி கொள்ளளவு கொண்ட நான்கு வீச்சு எஞ்சின் ஒன்று, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்கிறது. அது 5000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 5000 சுற்று வேகத்தில், சுழலும்போது, டர்போ இல்லாமல் சிலிண்டர்கள் முழுமையாக நிரம்பினாலும், நிமிடத்துக்கு உள்ளே போவது சுமார் 2500 லிட்டர் காற்று, அதாவது ஏறத்தாழ 3 கிலோ. அந்தக் காற்று எரிக்கக்கூடிய பெட்ரோல் 200 கிராம் அளவுதான். எத்தனை விலையுயர்ந்த பிளக் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

டர்போ இந்தக் கணக்கைத்தான் மாற்றுகிறது. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் விசிறி, உள்ளே போகும் காற்றை அழுத்தித் தருவதால் அதே கொள்ளளவில் அதிகக் காற்று அடங்குகிறது. 2024இல் வந்த மாருதி ஸ்விஃப்டின் 1197 சிசி எஞ்சினுக்கு டர்போ இல்லை. அதன் டார்க், அதாவது முறுக்குவிசை, சுமார் 112 நியூட்டன் மீட்டர். ஃபோக்ஸ்வாகன் டைகுன், விர்டஸ், ஸ்கோடா குஷாக், ஸ்லாவியா ஆகிய கார்களில் உள்ள 999 சிசி டர்போ எஞ்சின், கொள்ளளவில் அதைவிடச் சிறியதாக இருந்தும் 178 நியூட்டன் மீட்டர் தருகிறது.

இங்கே டார்க், பவர் இரண்டின் உறவையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வாசகரைக் குழப்புகின்றன. டார்க் என்பது கிராங்க் தண்டைத் திருப்பும் விசை. பவர் என்பது அந்த விசை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதன் அளவு. மேற்சொன்ன 999 சிசி எஞ்சின் 1750 ஆர்பிஎம்மில் 178 நியூட்டன் மீட்டர் தரும்போது அதன் பவர் 44 பிஎஸ் (குதிரைத்திறன்) மட்டுமே. அதே டார்க்கை 4500 ஆர்பிஎம்மில் தரும்போது அது 114 பிஎஸ் ஆகிவிடுகிறது. ஆகவே “20 பிஎஸ் கூடும்” என்று ஒருவர் சொன்னால், எந்த ஆர்பிஎம்மில் என்று கேட்காமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது எஞ்சின் பெரும்பாலும் 2000 முதல் 4000 ஆர்பிஎம் வரையில்தான் இருக்கும். 6000இல் மட்டும் கூடும் பவர், எஞ்சின் வேகத்தின் மேல் வரம்பான சிவப்புக்கோடு வரை முடுக்கும் பழக்கம் இல்லாதவருக்கு ஒருநாளும் கைக்கு எட்டாது.

இலக்கை வைத்திருப்பது மென்பொருள்

கார்புரேட்டர் காலத்து எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கம்பி இழுக்கப்பட்டு, காற்று நுழையும் வாசல் திறந்தது. காற்றின் வழியை அகலப்படுத்தினால், எரிபொருளையும் அதற்கேற்பச் சரிசெய்துகொண்டு, பலனை நேரடியாகக் காண முடிந்தது. ஃபில்டரும் சைலன்சரும் மாற்றினால் வலு கூடும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் பிறந்தது. அப்போது அதில் நியாயமும் இருந்தது.

இன்றைய டர்போ காரில் நிலைமை வேறு. பெடலை மிதிக்கும்போது ஓட்டுநர் அனுப்புவது ஒரு வேண்டுகோள் மட்டுமே. எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியான இசியு அதை “இவ்வளவு டார்க் தேவை” என்ற இலக்காக மாற்றிக்கொள்கிறது. பிறகு அந்த இலக்கை எட்டுவதற்கு எவ்வளவு பூஸ்ட் அழுத்தம் (டர்போ காற்றுக்குத் தரும் கூடுதல் அழுத்தம்), எவ்வளவு எரிபொருள், தீப்பொறி எந்தக் கணத்தில் என்பதையெல்லாம் தானே முடிவு செய்கிறது. இந்த நிலையில் காற்று எளிதாக நுழையும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினால் என்ன ஆகும்? இசியு அதே 178 நியூட்டன் மீட்டரை, டர்போவைச் சற்றுக் குறைவாக வருத்தி எட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இலக்கு உயராதவரை எஞ்சின் அதற்கு மேல் தருவதில்லை. டர்போ அரைநொடி முன்னதாக விழித்துக்கொள்வது போன்ற சிறு மாற்றம் தெரியலாம். காதில் விழும் உறிஞ்சும் ஒலி நிச்சயம் கூடும். அந்த ஒலியைத்தான் பலர் வேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே டர்போ காரில் முதலில் கருத வேண்டிய மேம்பாடு மென்பொருள்தான். ரீமேப் என்பது இசியுவில் உள்ள அட்டவணைகளைத் திருத்தி இலக்கை உயர்த்துவது. எஞ்சினைப் பொறுத்து டார்க் 20 முதல் 30 விழுக்காடு வரை கூடுவது டர்போ கார்களில் இயல்பானது. டர்போ இல்லாத காரில் உயர்த்துவதற்குப் பூஸ்ட் என்று ஒன்றே கிடையாது. பற்றவைப்பை, கிராங்க் தண்டின் சுழற்சியில் ஓரிரு பாகை முன்தள்ளி, எரிபொருள் கலவையைச் சீராக்கிக் கிடைப்பது 5 விழுக்காட்டை ஒட்டிய ஆதாயம். 82 பிஎஸ் எஞ்சினில் 5 விழுக்காடு என்றால் 4 பிஎஸ். பின் இருக்கையில் ஒருவர் ஏறிக்கொண்டால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். ஸ்விஃப்ட் போன்ற கார் வைத்திருப்பவர் ரீமேப்புக்கு வைத்திருக்கும் பணத்தை நல்ல டயருக்குக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. சாலையைப் பிடிக்கும் வலு கூடுவதைத் திருப்பத்திலும் பிரேக்கிலும் மழையிலும் ஒவ்வொரு நாளும் உணர முடியும்.

ரீமேப்பும், அதன் பெயரில் விற்கப்படும் மற்றவையும் ஒன்றல்ல. பெடலோடு இணைக்கும் பெட்டி, கால் பாதியளவு மிதித்ததை முக்கால் அளவு மிதித்ததாக இசியுவிடம் சொல்கிறது. பெடலை முழுதாக மிதிக்கும்போது கிடைப்பது பழைய பவரே. பிக்கிபேக் பெட்டி, பூஸ்ட் அழுத்தத்தை அளக்கும் உணரியின் தகவலைக் குறைத்துக் காட்டி, இசியுவை ஏமாற்றிக் கூடுதல் அழுத்தம் தரவைக்கிறது. பலன் உண்மைதான், எளிதில் கழற்றிவிடலாம் என்பதும் வசதிதான், ஆனால் உண்மையான அழுத்தம் என்னவென்று தெரியாத கணினியிடம் எஞ்சினின் பாதுகாப்பை ஒப்படைப்பதாக அது முடிகிறது. மலிவு விலையில் கிடைக்கும், ஓபிடி துளையில் செருகும் சிப்புகள் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால், விளக்கை மினுக்கும் சுற்றுக்கு மேல் உள்ளே எதுவும் இருப்பதில்லை.

நிறுவனம் விட்டுவைத்த இடைவெளி

ஒரு மென்பொருள் திருத்தத்தில் 30 விழுக்காடு கூடுமென்றால், கார் நிறுவனம் அதை ஏன் முதலிலேயே தரவில்லை என்ற கேள்வி எழ வேண்டும். ரீமேப் செய்ய நினைப்பவர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி இதுவே. இதன் விடைகளில்தான் ஆபத்துகளும் அடங்கியிருக்கின்றன.

முதல் காரணம் எரிபொருளும் வெப்பமும். அழுத்தப்பட்ட கலவை, தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேரும் முன் தானாகவே வெடித்துக்கொள்வதை நாக்கிங் என்கிறோம். அழுத்தமும் வெப்பமும் கூடக்கூட நாக்கிங்கின் வாய்ப்பும் கூடும்; அதைத் தாங்கும் எரிபொருளின் திறனை ஆக்டேன் எண் காட்டுகிறது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 (பிஎஸ்6) மாசுத் தரத்துச் சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் 91 என்று இருந்தது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கான தரம் 95. எத்தனாலின் ஆக்டேன் அதிகம் என்பதால் ரீமேப் செய்த எஞ்சினுக்கு இந்த மாற்றம் ஒருவகையில் அனுகூலமானது, ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கும். இண்டியன் ஆயிலின் எக்ஸ்பி95, எக்ஸ்பி100, ஹெச்பியின் பவர் 99 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல்கள் எல்லாப் பங்க்குகளிலும் கிடைப்பதில்லை. எனவே ரீமேப் எந்த ஆக்டேனுக்காக எழுதப்படுகிறது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். 99 ஆக்டேனுக்கு எழுதப்பட்ட மென்பொருளோடு சிறு ஊரில் கிடைத்த பெட்ரோலை நிரப்பினால், நாக் உணரி அதைக் கேட்டுப் பற்றவைப்பைப் பின்தள்ளும். எஞ்சின் தப்பித்துக்கொள்ளும், ஆனால் பணம் கொடுத்து வாங்கிய வலு அந்த டேங்க் தீரும்வரை இருக்காது. உணரி கடைசிக் காவல். அதை நம்பியே மென்பொருள் எழுதுபவரிடம் காரைக் கொடுக்கக் கூடாது.

வெப்பத்தின் பங்கு தமிழ்நாட்டில் ஓட்டுபவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. வெளியே 35 பாகை செல்சியஸாக இருக்கும்போது, பானட்டுக்குள் 60 பாகையில் உள்ள காற்றை உறிஞ்சும் எஞ்சினுக்கு, ஒவ்வொரு இழுப்பிலும் சுமார் 7 விழுக்காடு காற்று குறைவாகக் கிடைக்கிறது. மூடியில்லாத கூம்பு ஃபில்டரைப் பானட்டுக்குள் பொருத்தும்போது நிகழ்வது இதுதான். நிறுவனம் தந்த அழகற்ற பிளாஸ்டிக் பெட்டியும் குழாயும் காரின் முகப்பிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவருவதற்காகவே அமைக்கப்பட்டவை.

இரண்டாம் காரணம் கியர்பாக்ஸ். நான் கண்டவரையில் தொடக்கநிலையினர் அதிகம் தவறவிடுவது இதைத்தான். மேற்சொன்ன ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களிலேயே 1.5 லிட்டர் டர்போ எஞ்சினும் உண்டு. அதன் டார்க் 250 நியூட்டன் மீட்டர். அதனோடு வரும் ஏழு வேக டிஎஸ்ஜி எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸில் உள்ளவை ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச்சுகள். அந்தக் கியர்பாக்ஸுக்கு வரையறுக்கப்பட்ட தாங்குதிறனும் அதே 250 நியூட்டன் மீட்டர்தான். அதாவது கார் ஷோரூமிலிருந்து வெளியே வரும்போதே எல்லைக்கோட்டில் நிற்கிறது. அந்த எஞ்சினை 310க்கு உயர்த்துவது மென்பொருளில் எளிது. வரம்பு கடந்தவுடனேயே கியர்பாக்ஸ் உடைந்துவிடுவதும் இல்லை. ஆனால் சென்னை நெரிசலில் அரைக் கிளட்ச்சில் ஊர்ந்து ஊர்ந்து தேயும் தட்டுகளுக்கு அந்தக் கூடுதல் 60 என்ன செய்யும் என்பதைப் பழுதுச் செலவு வரும்போதுதான் உணர முடியும். 1.0 லிட்டர் எஞ்சின் கையால் மாற்றும் கியரோடோ டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேடிக்கோடோ வருவதால் ஓரளவு இடம் இருக்கிறது. கையால் மாற்றும் கியரில், உயர்ந்த கியரில் முழுதாக மிதிக்கும்போது வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்; அப்போது மென்பொருளைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுக் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சிறிய டர்போ எஞ்சின்களுக்கே உரிய ஒரு சிக்கல். எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் மிகுந்த சுமை தரும்போது, ஆயில் துளிகளோ படிவுத் துகள்களோ தீப்பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடுவதுண்டு. சாதாரண நாக்கிங்கைப் போல இதைப் பற்றவைப்பைப் பின்தள்ளிச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் இங்கே பற்றவைப்பே தீப்பொறியால் நிகழவில்லை. ஒரே ஒரு கடுமையான நிகழ்வு பிஸ்டனின் வளையங்களுக்கு இடையிலுள்ள பகுதியை உடைத்துவிடக்கூடும். இதைக் கட்டுப்படுத்தும் சோதனையை உள்ளடக்கிய ஆயில் தரங்களாக, அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ வகுத்த ஏபிஐ எஸ்என் பிளஸ் 2018இலும், ஏபிஐ எஸ்பி 2020இலும் வந்தன. இந்த இரண்டில் ஒன்றைப் பூர்த்தி செய்வதோடு, கார் நிறுவனம் சொல்லும் தரக் குறியீட்டுக்கும் பொருந்தும் ஆயிலை ஊற்றுவது, ரீமேப் செய்த காருக்குச் செய்யக்கூடிய மிக மலிவான பாதுகாப்பு. மென்பொருள் எழுதுபவரிடம் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் கூட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும் அவ்வளவே முக்கியம். அடிமட்ட ஆர்பிஎம்மில் முதுகை இருக்கையோடு அழுத்தும் ரீமேப்தான் சோதனை ஓட்டத்தில் மனத்தைக் கவரும். எஞ்சினுக்கு அதுவே கொடியது.

டீசல் காருக்கும் தர்க்கம் இதுவே. அங்கே டார்க் இன்னும் தாராளமாகக் கூடும், கிளட்ச்சும் இன்னும் விரைவாகத் தேயும். புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியை நீக்கிவிட்டு ரீமேப் செய்து தருவதாகச் சொல்பவரைத் தவிர்த்துவிட வேண்டும்.

மென்பொருளுக்குத் துணைநிற்கும் பாகங்கள்

இலக்கு உயர்ந்த பிறகுதான் பாகங்களுக்குப் பொருள் வருகிறது. டர்போ அழுத்தும்போது காற்று சூடாகிறது. அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஈடுகொடுக்காவிட்டால், இரண்டு மூன்று முறை தொடர்ந்து முடுக்கிய பின் உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஏறி, இசியு தானாகவே வலுவைக் குறைத்துக்கொள்ளும். பல கார்களில் பெரிய இன்டர்கூலர் மிக நல்ல முதலீடு. ஆனால் மேற்சொன்ன 1.0 எஞ்சினில் இன்டர்கூலர் முகப்பில் தனியாக நிற்பதில்லை. நீரால் குளிரூட்டப்படும் அமைப்பாக, காற்றை சிலிண்டர்களுக்குப் பங்கிடும் பகுதிக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. அதைப் பெரிதாக்குவது எளிதல்ல. ஒரு காருக்குச் சிறந்த மேம்பாடாக இருப்பது இன்னொரு காருக்குப் பொருந்தாமல் போவது இப்படித்தான். பட்டியலைப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான்.

புகைக்குழாயைப் பொறுத்தவரை, டர்போ காரில் தடை பெரும்பாலும் டர்போவுக்கு அடுத்துள்ள முதல் பகுதியில், புகையின் நஞ்சைக் குறைக்கும் வினைமாற்றி (கேட்டலிடிக் கன்வர்ட்டர்) அமைந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. பின்கோடியில் உள்ள சைலன்சரை மாற்றுவதால் கிடைப்பது பெரும்பாலும் ஒலிதான். வினைமாற்றியை நீக்கினால் வலு கூடும் என்பது உண்மை. காற்றை நஞ்சாக்கும், மாசுச் சோதனையில் சிக்கும், அதற்குப் பின்னே உள்ள ஆக்சிஜன் உணரி எஞ்சின் எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும் என்பவையும் அதே அளவு உண்மை. இதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

ஸ்பார்க் பிளக் தன்னளவில் வலு தருவதில்லை. இரிடியம் முனை நீண்டநாள் உழைக்கும், அவ்வளவே. பூஸ்ட் உயரும்போது பிளக்கின் இடைவெளியைச் சற்றுக் குறைக்கவும், வெப்பத்தை விரைவாகக் கடத்தும் வகையைப் போடவும் வேண்டியிருக்கலாம். அதுவும் தீப்பொறி அணைந்து எஞ்சின் தடுமாறாமல் இருக்கத்தான். ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று சொல்லப்படுபவை எந்த அமைப்பும் வகுத்த தரங்கள் அல்ல, வணிகப் பெயர்கள். ஸ்டேஜ் 1 என்றால் மென்பொருள் மட்டும், ஸ்டேஜ் 2 என்றால் அதனோடு புகைக்குழாயின் முதல் பகுதி, காற்று நுழைவழி போன்ற பாகங்களும் என்பது பொதுவான வழக்கு. அன்றாடம் ஓட்டும் காருக்கு முதல் படியிலேயே நின்றுகொள்வதுதான் செலவுக்கேற்ற பலன் தரும்.

வலு கூடினால் பிரேக்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பெரும்பாலானோருக்குப் பெரிய டிஸ்க் தேவைப்படாது. நல்ல பேடும், காலத்தில் மாற்றிய பிரேக் ஆயிலும் போதும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஆயில் கொதித்துப் பெடல் அடிவரை போவது எஞ்சினில் எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்த்து நடப்பதல்ல. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும்.

கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

சட்டத்தையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. மென்பொருள் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அது இல்லாததாகிவிடாது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்குமான வாரண்டி மறுக்கப்படலாம்; காப்பீட்டு நிறுவனத்திடம் மறைத்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது தடையாகலாம். புதிய காரின் வாரண்டி முடியும்வரை காத்திருப்பதே என் தேர்வாக இருக்கும்.

மென்பொருளைத் தொடும் முன் எஞ்சின் நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பிளக், பலவீனமான இக்னிஷன் காயில், கசியும் பூஸ்ட் குழாய், அழுக்கேறிய ஃபில்டர் ஆகியவற்றால் ஒரு கார் தன் இயல்பான வலுவிலேயே கணிசமான பங்கை இழந்திருக்கலாம். அவற்றைச் சரிசெய்ததும் “ரீமேப்பே வேண்டாம் போலிருக்கிறதே” என்று உரிமையாளர் எண்ணுவதுண்டு.

பிறகு அளவீடு. டைனோ கருவியில் காரை ஏற்றி, மாற்றத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும், அதே கருவியில், ஏறக்குறைய அதே வெப்பநிலையில் அளக்க வேண்டும். டைனோ அளப்பது சக்கரத்தில் வந்துசேரும் வலுவை. விளம்பரக் கையேட்டில் இருப்பது கிராங்க் தண்டில் உள்ள வலு. வழியில் கியர்பாக்ஸிலும் டயரிலும் ஒரு பங்கு கரைந்துவிடுவதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது தவறு. உச்சி எண்ணைவிட 2000 முதல் 4500 ஆர்பிஎம் வரையிலான வளைகோட்டின் வடிவத்தைப் பார்ப்பது பயனுள்ளது. வலுவோடு சேர்த்து, உள்ளே போகும் காற்றின் வெப்பம், பூஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரிலும் பற்றவைப்பு எத்தனை பாகை பின்தள்ளப்படுகிறது என்பவற்றையும் பதிவு செய்து தரச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவுகளைக் காட்டத் தயங்குபவர், எல்லாக் கார்களுக்கும் ஒரே கோப்பை ஏற்றுபவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

வேலை முடிந்ததும், நிறுவனத்தின் மூல மென்பொருளுடைய நகல் பத்திரமாக இருக்கிறதா, வேண்டும்போது கட்டணமின்றித் திருப்பி ஏற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த சர்வீஸின்போது, சர்வீஸ் சென்டரில் வழக்கமான புதுப்பிப்பு என்ற பெயரில் இசியுவில் புதிய மென்பொருளை ஏற்றினால் ரீமேப் சொல்லாமல் அழிந்துவிடும். அப்படிப் போனால் மறுபடி ஏற்றுவதற்கு என்ன கட்டணம் என்பதையும் அன்றே கேட்டுவைப்பது நல்லது.